சட்டப் பட்டியல் இருக்கட்டும், தகராறு வந்தப்போ கட்சி யார் பக்கம் நின்னுச்சு?

ராபின்சன்பார்க் பெஞ்சு (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் தெருவில் வீடு வீடாகத் திமுக துண்டறிக்கை போட்டிருக்கிறார்கள். தலைப்பு: சமூகநீதி, சமத்துவம். 1967 சுயமரியாதைத் திருமணச் சட்டம், 1989 பெண்களுக்குப் பரம்பரைச் சொத்தில் சம பங்கு, 2008 திருநங்கையர் நலவாரியம், 2009 அருந்ததியர் உள் ஒதுக்கீடு 3%, 2021 அனைத்துச் சாதியினர் அர்ச்சகர் நியமனம். பட்டியலில் பொய் எதுவும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஐந்தாவது பதிவிலேயே என்னைச் சங்கி ஆக்கிவிடுவீர்கள்.

என் சந்தேகம் வேறு. கட்சிக்காரன் கையை விட்டு எதுவும் போகாத இடத்தில் சட்டம் போடுவது சுலபம். கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவன், வட்டச் செயலாளர், கான்ட்ராக்ட் எடுத்தவன் எல்லாம் ஒரு பக்கமும், கீழே இருக்கிறவன் தனியாக ஒரு பக்கமும் நின்றால் கட்சி எங்கே போய் நிற்கும்? ஒரு கட்சிக்குச் சமத்துவத்தில் பிடிப்பு உண்டா இல்லையா என்பதை அதை வைத்துத்தான் பார்க்கணும் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாக் கட்சிக்கும் இதே கேள்விதான். வட சென்னைக்காரர்கள் தெரிந்ததைச் சொல்லுங்கள். மீம் வேண்டாம்.

தண்டையார்பேட்டை உடன்பிறப்பு

தோழரே, பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். ராபின்சன் பூங்காவில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியா? 1949 செப்டம்பர் 17 அன்று பவழக்காரத் தெருவில் கட்சி ஆரம்பித்து, மறுநாள் கொட்டுகிற மழையில் முதல் பொதுக்கூட்டம் நடந்தது அதே பூங்காவில்தான்.

"சட்டம் போடுவது சுலபம்" என்கிறீர்கள். சுயமரியாதைத் திருமணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐயர் இல்லாமல், தீவலம் இல்லாமல் நடந்த கல்யாணம் செல்லாது என்று 1953-ல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. அப்படிக் கல்யாணம் செய்துகொண்ட ஆயிரக்கணக்கான ஜோடிகள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் ஜோடியே இல்லை என்று ஆனார்கள். பிள்ளைகளுக்கு வாரிசுரிமைச் சிக்கல். 1967-ல் அண்ணா இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தபோது, அதற்கு முன்னால் நடந்த சுயமரியாதைக் கல்யாணங்களும் செல்லும் என்று பின்தேதியிட்டே எழுதினார். எங்கள் தாத்தா பாட்டி கல்யாணம் 1958. தாத்தா தலையில் இருந்த பாரம் இறங்கியது அந்தச் சட்டத்தில்தான். 2023-ல் உச்ச நீதிமன்றம்கூட, இந்தப் பிரிவின் கீழ் ஊரைக் கூட்டித்தான் கல்யாணம் செய்யணும் என்றில்லை, வக்கீல் முன்னிலையில் மாலை மாற்றினாலும் போதும் என்றது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஓடிப்போகிற பிள்ளைகளைக் காப்பாற்றுகிற சட்டத்தை எப்படி லேசாகப் பேச முடிகிறது?

வியாசை அக்கா

7-ஏ பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் தம்பி, சொத்துரிமையில் ஒரு வரியைத் துண்டறிக்கை விழுங்கிவிட்டது. 1989 மார்ச் 25-க்கு முன்னாலேயே கல்யாணமாகிப் போன பெண்களுக்கு அந்தப் பங்கு கிடையாது. எங்க அம்மாவுக்கு 1986-ல் கல்யாணம். மாமன்மார் பங்கு பிரித்தபோது ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்து அனுப்பினார்கள். 2005-ல் மத்திய அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதுதான் அந்த வரி போச்சு.

குறை சொல்ல இதை எழுதவில்லை. 1989-ல் வடநாட்டில் பல மாநிலங்களில் இந்தப் பேச்சே கிடையாது. ஆனால் இழை போட்ட ராசா கேட்ட கேள்விக்கு இது ஒரு பதில். கட்டிக்கொடுத்த தங்கச்சி திரும்பி வந்து பங்கு கேட்டால் கோபப்படப்போவது யார்? அண்ணன் தம்பிகள். ஓட்டுப் போடுகிற, கொடி கட்டுகிற அண்ணன் தம்பிகள்.

பட்டாளம் பின்னி பேரன்

1949-க்கும் முன்னால் போகணும். இந்தப் பிரச்சினை இந்தப் பகுதியிலேயே ஒருமுறை பச்சையாக வெளியே வந்திருக்கிறது. 1921.

திராவிடக் கட்சிகளுக்கெல்லாம் முன்னோடியான நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்து ஒரு வருஷம்கூட நிறையவில்லை. தலைவர் தியாகராய செட்டியார் நம்ம வண்ணாரப்பேட்டைக்காரர். பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்லில் வேலைநிறுத்தம். 1918-ல் பெரம்பூரில் ஆரம்பித்த சென்னைத் தொழிலாளர் சங்கம்தான் பின்னால் நின்றது. திரு.வி.க., செல்வபதி செட்டியார் எல்லாம் அதில் வந்தவர்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்பது பெரிய கதை. கடன், பசி, சங்கத்துக்குள்ளேயே இருந்த சாதி, வெள்ளைக்கார நிர்வாகத்தின் பிரித்தாளுகை எல்லாம் அதில் உண்டு. முடிவு என்ன? தொழிலாளியும் தொழிலாளியும் சாதியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது.

அப்போது ஆளும் கட்சித் தலைவர்கள் என்ன பேசினார்கள்? அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறது, அதனால்தான் கலவரம் என்றார்கள். வீடு எரிந்தவன் மேலேயே பழி. எம்.சி. ராஜா அந்தக் கட்சியோடு நின்றவர், சட்டசபையில் ஆதிதிராவிடர் குரலாக இருந்தவர். 1923-ல் கட்சியை விட்டு வெளியேறினார்.

தண்டையார்பேட்டை உடன்பிறப்பு

நூறு வருஷத்துக்கு முந்தைய கலவரத்தை வைத்து இன்றைய கட்சியை அளப்பதா? அதே 1921-ல்தான் அரசு வேலையைச் சமூகவாரியாகப் பங்கிடும் வகுப்புவாரி அரசாணை வந்தது. அதே வருஷம்தான் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுக்கச் சென்னைச் சட்டசபை தீர்மானம் போட்டது, பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாக. 1924-ல் பொதுத்தெரு, பொதுக்கிணறு எல்லாருக்கும் திறக்கப்பட்டது. இதெல்லாம் யார் ஆட்சியில்?

பட்டாளம் பின்னி பேரன்

ஆட்சி நீதிக்கட்சிதான், மறுக்கவில்லை. 1924 தீர்மானத்தைச் சபையில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1938-ல் பொது இடத் தடைகளை நீக்கும் சட்ட மசோதாவைக் கொண்டுவந்தவர் எம்.சி. ராஜா, அப்போது காங்கிரஸ் ஆட்சி. இரண்டு இடத்திலும் கோரிக்கை உள்ளே போய் உட்கார்ந்தவனிடமிருந்து வந்தது. கட்சி கையைத் தூக்கியது. கையைத் தூக்கியதும் பெரிய விஷயம்தான். ஆனால் துண்டறிக்கையில் கையைத் தூக்கியவன் படம் மட்டும் வருகிறது பாருங்கள், அதுதான் எரிச்சல்.

வாத்தியார் பக்தன்

திமுகவையே பேசிக்கொண்டிருந்தால் எப்படி? 69 சதவீத இடஒதுக்கீட்டுக்குச் சட்டம் போட்டு, நீதிமன்றம் எளிதில் கைவைக்க முடியாதபடி 1994-ல் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் ஏற்றியது அம்மா. 1992-ல் ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையம். 2016-ல் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50%. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31-லிருந்து 50 ஆக்கியது புரட்சித்தலைவர்.

பழைய வண்ணை

அதுக்கு முந்தின வருஷம் அந்த ஒதுக்கீட்டுக்கு 9,000 ரூபாய் வருமான வரம்பு வைத்ததும் அதே புரட்சித்தலைவர்தான் சார். 1979-ல் வரம்பு. 1980 மக்களவைத் தேர்தலில் சரியான அடி. உடனே வரம்பு போச்சு, 50% வந்தது. நான் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் இதுதான் ஜனநாயகம் ஒழுங்காக வேலை செய்த இடம். தலைவர் மனசில் சமத்துவம் இருந்ததா என்று தேடவே வேண்டாம், ஜனங்கள் உதைத்தார்கள், கொள்கை வந்தது.

வியாசை அக்கா

சரி, சத்தியவாணி முத்து பற்றி ஒருத்தர்கூடப் பேசவில்லையே! நம்ம பெரம்பூர் எம்.எல்.ஏ. பேரன் எம்.சி. ராஜாவைச் சொன்னதும் வருவார் என்று பார்த்தேன்.

தெரியாதவர்களுக்கு: அண்ணா காலத்திலிருந்து கட்சியில் இருந்தவர். 1967-ல் அமைச்சர். 1974-ல் அண்ணாவுக்குப் பிறகு தாழ்த்தப்பட்டோரைக் கட்சி கண்டுகொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு, மந்திரி பதவியை விட்டு இறங்கினார். தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் என்று தனிக்கட்சி. ஓடவில்லை. 1977-ல் எம்.ஜி.ஆர். கட்சியில் சேர்த்துவிட்டார். 1979-ல் சரண் சிங் மந்திரிசபையில் ஒன்றிய அமைச்சர். ஆட்சியில் இருக்கும்போது கட்சியை விட்டு, அதுவும் இந்தக் காரணத்தைச் சொல்லி வெளியேறிய அமைச்சர்கள் எத்தனை பேர்?

இப்போது அவர் பெயர் எங்கே இருக்கிறது தெரியுமா? சத்தியவாணிமுத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம். கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்களுக்குக் கொடுக்கிறார்கள். எங்கள் குடியிருப்பில் ஒருத்தி வாங்கியது மாடிப்படிக்குக் கீழே பழைய புடவை போர்த்தி நிற்கிறது. தைக்கத் தெரியாமல் இல்லை. பிளவுஸ் ஆர்டர் எல்லாம் மெயின்ரோடு டெய்லர் கடைக்குப் போய்விடுகிறது, வீட்டுக்கு வருவது பாவாடைக்கு ஓரம் அடிப்பதும் ஜிப் மாற்றுவதும்தான். பெல்ட் அறுந்து கிடக்கிறது. அமைச்சர் பதவியைத் தூக்கிப் போட்ட பெண்மணி கேட்டது தையல் மிஷின் இல்லை.

ராபின்சன்பார்க் பெஞ்சு

அக்கா, இன்னொரு இடத்திலும் அவர் பெயர் இருந்தது. தீவுத்திடல் பக்கம் கூவம் ஓரம், சத்தியவாணி முத்து நகர். 2019 டிசம்பர் கடைசியில், பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்போதே, பெரும்பாக்கத்துக்கு லாரியில் ஏற்றினார்கள். வாத்தியார் பக்தன் சார், அது உங்கள் ஆட்சி.

வாத்தியார் பக்தன்

ஆற்றங்கரை ஆக்கிரமிப்பு அகற்ற நீதிமன்றம் சொன்னால் எந்த ஆட்சியாக இருந்தாலும் அகற்றித்தான் ஆகணும். பெரும்பாக்கம் அடுக்குமாடி கட்டும் திட்டம் யார் காலத்தில் தொடங்கியது என்றும் பாருங்கள். கண்ணகி நகரில் 2000-லேயே கொண்டுபோய் இறக்கினார்கள். அப்போது முதல்வர் யார்?

பழைய வண்ணை

இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கழகமும் ஒண்ணு. 1970-ல் குடிசை மாற்று வாரியம் ஆரம்பித்தபோது எண்ணம், இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுப்பது. வட சென்னையில் பாதி ஹவுசிங் போர்டு பிளாக்குகள் அப்படி வந்தவைதான். ஒழுகும், காரை பெயரும், ஆனால் துறைமுகத்துக்கும் மார்க்கெட்டுக்கும் நடந்து போகலாம். அப்புறம் நகரத்தில் நிலத்துக்கு விலை ஏறியது, ஏழைக்கு வீடு ஊருக்கு வெளியே போனது. 2021-ல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள்.

மூலக்கொத்தளம் 13

இன்னாப்பா எல்லாரும் ஹிஸ்டரி கிளாஸ் எடுத்துக்கினு கீறீங்க. 2025 ஆகஸ்ட் மறந்துபோச்சா? எங்க சித்தி ராயபுரம் மண்டலத்துல குப்பை அள்ளுது. அஞ்சாவது மண்டலம், ஆறாவது திரு.வி.க. நகர், ரெண்டும் தனியாருக்குன்னு சொன்னவுடனே கார்ப்பரேஷன் ஆபீசு ரிப்பன் பில்டிங் வாசல்ல போய் குந்திட்டாங்க. ஒண்ணாம் தேதிலேர்ந்து. அவங்க கேட்டது இன்னா? புது கம்பெனில சம்பளம் கொறையும், இத்தினி வருசம் மாநகராட்சிக்கு ஒழச்சதுக்கு அவங்களே வேலைக்கு வெச்சுக்கணும். அவ்ளோதான்.

பிளாட்பாரத்துல மழைக்கு தார்ப்பாய் கட்டிக்கினு பொம்பளைங்க. சித்தி கைல அப்பவும் ரப்பர் கையுறை வாசனை போகல, அதே கைல டீ கிளாஸ். கோர்ட்டு நடைபாதைய காலி பண்ண சொல்லுச்சு, 13-ம் தேதி ராத்திரி போலீஸ் வந்து தூக்குச்சு. மறுநாள் அமைச்சரவை கூடி, காலைல டிபன் தரோம், இன்சூரன்ஸ் தரோம்னு அறிவிப்பு. டிபன் நல்ல விசயம்தான். ஆனா கேட்டது டிபனா?

தண்டையார்பேட்டை உடன்பிறப்பு

நீதிமன்ற உத்தரவு இருந்தது. பல மண்டலங்கள் அதற்கு முந்தைய அதிமுக ஆட்சியிலேயே தனியாரிடம் போய்விட்டன. எல்லாவற்றையும் எங்கள் தலையில் கட்டாதீர்கள். அந்தச் சமயத்தில் மேயர் யார்? திரு.வி.க. நகரிலிருந்து வந்த ஆர். பிரியா, 2022-ல் சென்னையின் முதல் தலித் பெண் மேயர். எந்தக் கட்சி அந்த நாற்காலியில் உட்கார வைத்தது?

பட்டாளம் பின்னி பேரன்

நாற்காலியை ஒதுக்கியது இடஒதுக்கீட்டுச் சுழற்சி, ஆளைப் போட்டது கட்சி. சென்னைக்கு முதல் தலித் மேயர் 1937-லேயே வந்தாச்சு, ஜெ. சிவசண்முகம் பிள்ளை. 1945-ல் என். சிவராஜ். மேயர் யார் என்பதை நான் குறைத்துப் பேசவில்லை, அந்தப் படத்தைப் பார்த்து எங்கள் தெருச் சின்னப் பெண்கள் குதித்ததை நானே பார்த்தேன். ஆனால் அதே திரு.வி.க. நகர் மண்டலத்துக் குப்பைக்காரம்மாவுக்குப் பதில் சொல்லவேண்டிய நாற்காலியும் அதுதான்.

இன்னொன்று. 2009 உள் ஒதுக்கீட்டில் வருகிற ஏழு சாதிகளைப் பாருங்கள்: அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரர். வட சென்னையில் துடைப்பம் பிடிக்கிற கைகளில் எத்தனை கைகள் இந்தப் பட்டியலைச் சேர்ந்தவை? பிள்ளைக்குக் காலேஜில் 3% இடம் கொடுக்கிறோம், 2024-ல் உச்ச நீதிமன்றமும் உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொல்லிவிட்டது. நல்லது. அதே பிள்ளையின் அம்மா கான்ட்ராக்டில் போகிறாள். ஃபீஸ் கட்டுவது அந்தச் சம்பளத்தில்தான்.

மூலக்கொத்தளம் 13

சித்தி பொண்ணு அம்பேத்கர் காலேஜ்தான் படிக்குது. சொம்மா சொல்லல.

சின்ன வக்கீல்

வேலை நிமித்தம் எழுதுகிறேன், அரசியல் வேண்டாம். கட்சியை அளக்க எளிய கோல் வேண்டுமென்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பாருங்கள். அதன் விதிகள்படி மாநிலக் கண்காணிப்புக் குழுவுக்கு முதலமைச்சரே தலைவர். வருடத்துக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், கூடியாக வேண்டும். மாவட்டக் குழு கலெக்டர் தலைமையில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கூடியதா, இல்லையா? இதற்கு மேடைப் பேச்சு தேவையில்லை, தகவல் உரிமை மனு போதும்.

அடுத்தது ஸ்டேஷன். சாதிப் பெயர் சொல்லித் திட்டினான், வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொன்னான் என்று போனால் பெரும்பாலும் கையில் கிடைப்பது சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகார் வாங்கிக்கொண்டதற்கான சீட்டு மட்டும். "பேசி முடிச்சுக்கோங்கம்மா." எஃப்.ஐ.ஆர். ஆனால்தான் நிவாரணத் தொகையின் முதல் பகுதி வரும், உதவி கமிஷனர் (ஏசி) பதவிக்குக் குறையாத அதிகாரி விசாரிக்கணும், 60 நாளில் குற்றப்பத்திரிகை போகணும். அந்தச் சிஎஸ்ஆர் ரசீதுக்கும் எஃப்.ஐ.ஆருக்கும் நடுவில் ஒரு போன் வரும். "நம்ம ஆளு, கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க." அந்தப் போனை எந்தக் கட்சிக்காரரும் செய்வார். செய்யாத கட்சி எது என்று சொல்லுங்கள், நான் கட்சி அட்டை வாங்கிக்கொள்கிறேன். அரசு அதிகாரி தன் கடமையை வேண்டுமென்றே செய்யாவிட்டால் அவர் மேலேயே நடவடிக்கை எடுக்க 4-வது பிரிவு இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதை நான் பார்ப்பது அபூர்வம்.

எருக்கஞ்சேரி

எல்லாரும் சாதியும் பெண்ணும் பேசினீர்கள், ஊரும் ஒரு சாதி மாதிரி நடத்தப்படுகிறதே, அதைப் பற்றி? நகரத்துக் குப்பையில் பெரிய பகுதி வந்து கொட்டுவது கொடுங்கையூர், 300 ஏக்கருக்கு மேல். இப்போது அங்கேயே எரிஉலை என்கிறார்கள். 2025 மே மாதம் மனிதச் சங்கிலியாக நின்றோம். 2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெயும் வந்தது, அமோனியாவும் வந்தது, இரண்டும் ஒரே மாதத்தில். தென் சென்னையில் ஒரு வார்டுக்குப் பக்கத்தில் இதில் கால்வாசி வந்திருந்தால்?

பழைய வண்ணை

இதற்குத் தனி இழை போடுங்கள், இங்கே முங்கிப்போகும். நான் வருகிறேன்.

வாத்தியார் பக்தன்

கடைசியில் கம்யூனிஸ்டு மேடை மாதிரி ஆகிவிட்டது. வாக்குச்சாவடிக்குப் போனால் எல்லாரும் பழைய சின்னத்திலேயே அழுத்தப்போகிறீர்கள்.

ராபின்சன்பார்க் பெஞ்சு

யார் எதில் அழுத்தினால் என்ன சார், கேட்டுவிட்டு அழுத்துவோம். 2022-லிருந்து வார்டு கமிட்டி, பகுதி சபை எல்லாம் சட்டப்படி இருக்கிறது. கவுன்சிலர் உட்கார்ந்துதான் ஆகணும். பேசியதிலிருந்து மூன்று கேள்வி எடுத்து எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்.

ஒன்று, நம்ம வார்டில் குப்பை அள்ளுகிறவர்களின் மாதச் சம்பளம், பி.எஃப்., வார விடுப்பு, கம்பெனி கைமாறுவதற்கு முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு. இரண்டு, அவர்கள் ரிப்பன் பில்டிங்கில் உட்கார்ந்திருந்தபோது கவுன்சிலரும் கட்சியின் தொழிற்சங்கமும் ஒருநாளாவது அங்கே போனார்களா, போய் என்ன சொன்னார்கள். மூன்று, மாவட்டக் கண்காணிப்புக் குழு கடைசியாகக் கூடிய தேதி.

சின்ன வக்கீல்

மூன்றாவது கவுன்சிலருக்குத் தெரியாது. மனுவாக எழுதித் தருகிறேன், கலெக்டர் ஆபீசுக்கு அனுப்புங்கள். முதலாவதை எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் "பாத்துச் சொல்றோம்" என்பார்கள்.

தண்டையார்பேட்டை உடன்பிறப்பு

ஒன்றையும் மூன்றையும் நானே பகுதிச் செயலாளரிடம் கொடுக்கிறேன். மனப்பூர்வமாகச் சொல்கிறேன், எனக்கும் பதில் வேண்டும். இரண்டாவது மட்டும் வேண்டாம். சபையில் வைத்துக் கேட்டால் அவமானப்படுத்துகிற மாதிரி ஆகிவிடும், அப்புறம் மற்ற இரண்டுக்கும் பதில் வராது.

வியாசை அக்கா

தம்பி, ராசா இழை போட்டதே அந்த இரண்டாவதுக்காகத்தான். நீங்கள் கொடுக்கவேண்டாம், நான் கேட்கிறேன். எனக்கு எந்தக் கட்சியிலும் அட்டை இல்லை.

மூலக்கொத்தளம் 13

அக்கா, சித்தியும் வரேன்னுச்சு. காலைல வெச்சா வராது, டூட்டி முடிய ரெண்டு மணி ஆவும். சாயங்காலமா வெக்கச் சொல்லுங்க.